முதல் மடக்கு

எங்கள் பஞ்சாயத்துப் பிரசிடென்ட் சரியான பயந்தாங்கொள்ளி. இதை நான் புறணி பேசுவதாக நினைக்க வேண்டாம். அவரே ஊர் கேட்கச் சொல்லிக்கொள்வார். கூட்டத்தில் சொல்வார், பஸ்ஸில் சொல்வார், தாசில்தார் மேஜைக்கு முன்னால் நின்றும் சொல்வார். "எனக்குப் பயமா இருக்கு. சொல்லிட்டேன். இப்ப வேலையப் பாப்போம்." காலையில் பல் விளக்குவது மாதிரி அவருக்கு இது. இந்தப் பேச்சு முடிந்தால்தான் அடுத்த காரியம்.

அவர் பெயர் வேண்டாம். எங்கள் பக்கம் பெயரைச் சொன்னால் தெரு தெரிந்துவிடும், தெரு தெரிந்தால் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும். ஊர்ப்பெயரும் வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து தளவாய்புரம் போகிற வழியில் இறங்கி, ஓடைப்பாலம் தாண்டி நடந்தால் வரும். வடக்குத்தெரு, தெற்குத்தெரு என்று இரண்டு தெருக்கள். நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி. நான் வடக்குத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவர் தெற்குத்தெருக்காரர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் எங்கள் ஊர் எரிந்தது. பஸ்ஸில் உட்காரும் இடத்துக்காக ஆரம்பித்த தகராறு என்றார்கள், டீக்கடையில் ஆரம்பித்தது என்றும் சொன்னார்கள். எது ஆரம்பித்தால் என்ன, இரண்டு பக்கமும் ஆள் செத்தது. தெற்குத்தெருவின் பின்வரிசை வீடுகள் பட்டப்பகலில் எரிந்து சாம்பலாயின. நான் மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குப் பின்னால் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்வரிசைக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓடினார்கள். செண்பகத்தோப்பு அடிவாரத்து மாந்தோப்புகளில் காவலுக்கும் கூலிக்கும் ஒண்டிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்து வந்த பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவர் பதவியைத் தெற்குத்தெருப் பெண்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிவிட்டது. எங்கள் தெருவில் எழவு விழுந்த மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் வார்டையும் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நான் மெம்பர் ஆன சமாச்சாரம் எனக்கு வந்து சேர்ந்தபோது மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டுக் கும்பிடுவதா, கழுவாமலே கும்பிடுவதா என்றுகூடத் தெரியவில்லை.

பதவி ஏற்கிற அன்றைக்கு மட்டும் என்னைக் கூட்டிப்போனார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் என்பது ஒரே அறை. எல்லோரும் முன்னாடியே போய் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டோம். பிரசிடென்ட் கடைசியாக வந்தார். ஒல்லியாக, நெடுநெடுவென்று, கையில் ஆம்பிளை வாட்ச் கட்டிக்கொண்டு. செத்துப்போன வீட்டுக்காரருடைய வாட்ச் அது. நிலைப்படியில் நின்றபடியே சொன்னார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பயமா இருக்கு."

துணைத்தலைவர் எங்கள் தெரு ஆள். மீசையைத் தடவிக்கொண்டார். "பயமா இருந்தா வீட்டுல கெடக்க வேண்டியதுதான ஏட்டி?"

"வீட்டுலயும் பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. அதான் இங்க வந்தேன்."

அண்ணாச்சி என்ற சொல் அவர் காதில் விழுந்ததும் மீசையில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அதுவரை தெற்குத்தெருவிலிருந்து அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. ஐயா என்பார்கள், மொதலாளி என்பார்கள். பிரசிடென்ட் அதைக் கவனிக்காத மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. பயத்தை வாய்விட்டுச் சொன்னால் அது வாசல்படி ஏறி உள்ளே வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்திருந்தாள் என் அம்மா. இந்தப் பொம்பளை அதை விருந்தாளி மாதிரி கூப்பிட்டு உட்காரவைக்கிறாளே என்று பட்டது.

கூட்டம் முடிந்ததும் பைக்குள்ளிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நீட்டுவதற்கு முன்னால் ஒரு விள்ளல் கிள்ளித் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார். "நான் தின்னுட்டேன். பயப்படாம எடுங்க" என்றார். ஒருவரும் எடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் தெற்குத்தெருவுக்குக் கொடுப்பார்களே தவிர அங்கிருந்து வாங்கித் தின்னமாட்டார்கள். அதிலும் தான் தின்றுவிட்டு நீட்டுகிற பண்டம்! என் பக்கம் நீட்டியபோது மட்டும் என் கை என்னைக் கேட்காமல் நீண்டுவிட்டது. அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போய் வைக்கோற்போருக்குப் பின்னால் தின்றேன். நல்ல பால்கோவா.

அடுத்த கூட்டத்துக்கு எனக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் கிளம்பிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். மெம்பர் வந்தால்தான் கூட்டம் என்று பிரசிடென்ட் சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருக்கும்போதே தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. தெற்குத்தெருக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியடிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். அதனால் அந்தச் சத்தத்துக்கே வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிரசிடென்ட் எங்கள் வாசலுக்கு நேரே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, உங்களப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு. சொல்லிட்டேன். மெம்பர வரச் சொல்லுங்க, கூட்டம் நிக்குது."

"நான்தான் வந்தேன்ல? அவ எதுக்கு?"

"மெம்பர் பேரு உங்க பேரா இருந்தா உங்களத்தான் கூப்பிட்டிருப்பேன் அண்ணாச்சி."

என் கொழுந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் குதித்தான். "ஏட்டி, மொதல்ல செருப்பக் கழத்து. பொறவு பேசு."

நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்குத்தெருவுக்குத் தீ வைக்கப் போன கூட்டத்தில் அவன் இருந்தான் என்பது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. பிரசிடென்ட் தன் காலைக் குனிந்து பார்த்தார். நிஜமாகவே கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, நடுக்கத்துல காலு தரையில நிக்க மாட்டேங்கு. இந்தச் செருப்பும் இல்லேன்னா விழுந்துருவேன். விழுந்தா நீதான் தூக்கிவிடணும்."

எதிர்வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். தெற்குத்தெருப் பெண்ணைத் தொட்டுத் தூக்குவதா! கொழுந்தன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். என் வீட்டுக்காரர், "போய்த் தொலைஞ்சிட்டு வா" என்று என்னைப் பார்த்து உறுமினார். நான் போனேன். அவர் முன்னால், நான் நாலடி பின்னால்.

போகிற வழியில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் திண்டாட்டம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனால் எங்கள் தெருவில் பேசப் பழகும் பிள்ளைகூட அவர்களை ஏட்டி என்றுதான் கூப்பிடும். அவருக்கும் என்னை அம்மா என்று கூப்பிட மனசில்லை போல. கடைசியில் நான் பிரசிடென்ட் என்றேன், அவர் மெம்பர் என்றார். அந்த இரண்டு ஆபீஸ் வார்த்தைகள் மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் ஒருவருக்கொருவர் பேசியே இருக்க முடியாது. எங்கள் ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக வேறு வார்த்தையே இல்லை.

அவருக்கு அந்தப் பதவியில் ஒரே ஒரு வேலைதான் வேலையாகப் பட்டது. ஓடிப்போன பின்வரிசைக்காரர்களைத் திரும்பக் கூட்டிவந்து குடியேற்ற வேண்டும். தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து, எரிந்த இடத்திலேயே தொகுப்பு வீடு கட்ட உத்தரவு வாங்கினார். சுவர் எழும்பி, கூரை போட்டு, வீடுகள் தயாராயின. ஆனால் ஆட்கள் வர மாட்டேன் என்றார்கள். துணைத்தலைவர் வேறு, குடி வராவிட்டால் வீடுகளை வேறு ஆட்களுக்கு ஒதுக்க வேண்டியதுதான் என்று மனுப் போட்டுவிட்டார். மாசக் கடைசிக்குள் ஆட்கள் வராவிட்டால் இனி எப்போதும் வரப்போவதில்லை என்று ஆகிவிட்டது.

"அவுகளப் போய்ப் பாக்கணும். நீங்களும் வாங்க மெம்பர். வடக்குத்தெரு மூஞ்சி ஒண்ணு கூட வந்தாத்தான் நம்புவாக" என்றார். நான் வீட்டில் ஆண்டாள் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு அந்தப் பொய்யைக் கொஞ்சம் நிஜமாக்கிவிட்டு, செண்பகத்தோப்பு ரோட்டில் அவரோடு நடந்தேன்.

அந்த நடையில்தான் அவர் ஆப்பிரிக்காக் கதையைச் சொன்னது. அவர் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லில் ஃபிட்டராக இருந்தவர். எண்பதுகளில் உகாண்டா தேசத்தில் பழுதாகிக் கிடந்த ஒரு மில்லை ஓட்டிக் கொடுப்பதற்கு ஆள் எடுத்தபோது போனார், பிறகு இவரையும் கூட்டிக்கொண்டார். எங்கள் தெரு ஆண்களே மதுரையைத் தாண்டாத காலம் அது. அங்கே இவர் இருந்த முதல் வருஷங்கள் முழுக்கச் சண்டை. ஒரு பட்டாளம் போய் இன்னொரு பட்டாளம் வந்தது. சண்டை ஓய்ந்து கொஞ்ச காலத்தில் வீட்டுக்காரர் காய்ச்சலில் செத்துப்போக, ஒரு தகரப்பெட்டியோடு தனியாகத் திரும்பினார்.

"அங்க எங்க பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, சந்தையில வாழைக்கா விப்பா" என்றார். "அவ புருஷனப் பட்டாளத்துக்காரங்க கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரல. காட்டிக் குடுத்தவன் அதே தெருவுல இருக்கான். சண்ட முடிஞ்ச பொறவு ஏரியாவுக்கு ஒரு கமிட்டி போட்டாக. அதுல ஒரு எடம் பொம்பளைக்குன்னு வச்சிட்டாக. இவளப் புடிச்சு ஒக்கார வச்சிட்டாக, நம்மள மாதிரி."

"பொறவு?"

"பொறவென்ன, பழத்தப் பிசைஞ்சு சாறு எடுத்து, ஒரு பானையில தூக்கிக்கிட்டு நேரா அவன் வீட்டுக்குப் போனா. மருந்து வச்சுக் கொல்ல வந்துட்டான்னு அவனுக்கு ஒதறல். அங்க குடுக்கவ முதல்ல ஒரு மடக்கு குடிச்சிக் காட்டணும், அது அவுக பழக்கம். குடிச்சிக் காட்டினா. அவனும் குடிச்சான்."

"மன்னிச்சிட்டாளாக்கும்?"

பிரசிடென்ட் நின்றுவிட்டார். "மன்னிக்கவா? எங்கிட்டு மன்னிக்க? பள்ளிக்கூடம் இடிஞ்சு கெடக்கு, கூர போடணும். அவன் தச்சன். அவன் வேணும். அம்புட்டுதான் மெம்பர்."

"அவளுக்குப் பயமா இல்லையா?"

"ஏன் இல்லாம? பான தளும்பிக்கிட்டே போச்சு. நான் பின்னாலயே போனேன்லா? போற வழி பூரா, பயமா இருக்கு, பயமா இருக்குன்னு அவுக பாஷையில சொல்லிக்கிட்டே போனா. அவனப் பாத்ததும் அவங்கிட்டயும் அதச் சொன்னா. அவன், எனக்கும்னான். பொறவுதான் பேச்சே ஆரம்பிச்சுது."

நம் ஊரில் அப்படிக் குடித்துக் கொடுத்தால் எச்சில் அல்லவா என்று கேட்டேன். "அதான் அண்ணாந்து ஊத்திக்கிடுதேன். சொம்புல வாய் படாம" என்று சிரித்தார். நானும் அதைக் கவனித்திருக்கிறேன். யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் முதலில் தன் வாய்க்குள் உயரத்திலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டுதான் நீட்டுவார்.

தோப்பில் இருந்தவர்கள் என்னைக் கண்டதும் குடிசைக்குள் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் வெளியே வந்தாள். அவள் வீடு எரிந்தபோது நான் கொட்டிலுக்குள் கேட்ட அலறல்களில் இவளுடையது எது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். "வந்தா யாரு பொறுப்பு?" என்று கேட்டாள். பிரசிடென்ட், "யாரும் இல்ல தாயி. எனக்கே பயமா இருக்கு. ஆனா வீடு ரெடியா இருக்கு" என்றார். வேறு யாராவது தலைவராக இருந்தால் மார்தட்டி உத்தரவாதம் கொடுத்திருப்பார்கள், அவர்களும் நம்பாமல் அங்கேயே இருந்திருப்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டு அவள் குடிசைக்குள் போய் மற்றவர்களோடு பேசிவிட்டு வந்தாள். பிறகு, வருகிற வெள்ளிக்கிழமை காலை வந்து பால் காய்ச்சுகிறோம் என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் நாலு பேர் எங்கள் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒருவன் குனிந்து, "பிரசிடென்ட் எங்க எறங்குவாக?" என்றான். மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டான். அதில்தான் எனக்கு ரத்தம் சுண்டியது. அந்த வருஷங்களில் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டினார்கள் என்று அங்கங்கே செய்தி வந்துகொண்டிருந்தது. பிரசிடென்ட் என் கையைப் பிடித்தார். அந்தக் கை வேர்வையில் வழுக்கியது. எழுந்து நின்று கத்தினார்.

"கண்டக்டர் தம்பி! இந்த நாலு பேரும் யாருன்னு எனக்குத் தெரியாது. நான் எங்க எறங்குவேன்னு கேக்காக. எனக்குப் பயமா இருக்கு. எல்லாரும் இவுக மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சுக்கோங்க!"

பஸ் முழுக்கத் திரும்பியது. கூடைக்காரி ஒருத்தி எழுந்தே நின்று பார்த்தாள். நாலு பேரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். பிரசிடென்ட் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிவிட்டேன். தடவிய பிறகுதான் தொட்டுவிட்டது நினைவு வந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் தொட்டியடியில் என்னிடம் ஒன்று கேட்டார். "பால் உங்க தெருவுலருந்து வரணும் மெம்பர். வெலைக்குத்தான். கடையில வாங்கிக் காச்சிக்கிடலாம். ஆனா உங்க தெருப் பால் அவுக அடுப்புல பொங்கணும். அதுதான் அவுக மனசுல நிக்கும்." என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் தாசில்தார் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் தாராளமாகத் தலையாட்டினார்.

விடிந்ததும் கொட்டிலுக்குப் போனால் கொழுந்தன் எனக்கு முன்னால் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தான். அவன் ஒருநாளும் மாட்டின் மடி தொட்டவன் இல்லை. "நீங்க போயி சீல மாத்திட்டு வாங்க மதினி, நான் கேன ரெடி பண்ணி வைக்கேன்" என்றான். நான் மாற்றிக்கொண்டு வந்தபோது கேன் மூடி போட்டுத் தயாராக இருந்தது. தூக்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் தெருப் பெண்கள் சிலர் தொட்டியடி வரைக்கும் கூட வந்து, அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஒரு டெம்போவில் எல்லோரும் வந்து இறங்கியிருந்தார்கள். தாசில்தார் இன்னும் வரவில்லை, இரண்டு போலீஸ்காரர்கள் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு கல் அடுப்பு மூட்டி, புதுப் பானை ஏற்றி, நான் கொண்டுபோன பாலைப் பங்கிட்டு ஊற்றினார்கள். முதல் வீட்டில் நுரை ஏறத் தொடங்கியபோது டீக்கடைப் பக்கமிருந்து தெற்குத்தெரு ஆள் ஒருவர் ஓடிவந்தார்.

"காச்சாதீக! குடிக்காதீக! பால்ல மருந்தக் கலந்து விட்டுருக்காகளாம். கடையில அதான் பேச்சாக் கெடக்கு!"

ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு டெம்போவைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. யாரோ அடுப்பில் தண்ணீரைக் கொட்டினார்கள். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். இப்போது போனால் போனதுதான். எல்லோரும் போகிற போக்கில் என்னைப் பார்த்தார்கள். கேனைத் தூக்கி வந்தவள் நான்தானே.

பிரசிடென்ட் என் அருகில் வந்தார். உதடு வெளுத்திருந்தது. "மெம்பர், பால்ல என்ன இருக்கு?"

"தெரியல" என்றேன். "நான் பீச்சல. கொழுந்தன் பீச்சினான்."

அவர் கண்கள் ஒரு நிமிஷம் மூடித் திறந்தன. "எனக்குப் பயமா இருக்கு" என்றார். அதோடு நிறுத்திவிட்டார். அடுத்த இரண்டு வாக்கியங்கள் வரவில்லை. நான் காத்திருந்தேன். சொல்லிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, வேலையைப் பார்ப்போம் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அன்றைக்கு என்னை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. பிறகு அவர் முதல் வீட்டு அடுப்பங்கரைக்குப் போய், பானையிலிருந்து டம்ளரில் பாலை மொண்டு, வழக்கம்போல அண்ணாந்தார்.

நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். "இது எங்க வீட்டுப் பால். குடுக்கவதான் முதல்ல குடிக்கணும்னு நீங்கதான சொன்னீக" என்று டம்ளரைப் பிடுங்கினேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். "எனக்குப் பயமா இருக்கு! சொல்லிட்டேன்!"

ஆற்றிக் குடிக்கப் பொறுமை இல்லை. கை ஆடிய ஆட்டத்தில் அண்ணாந்து ஊற்றவும் முடியவில்லை. டம்ளரில் வாய் வைத்து உறிஞ்சினேன். நாக்கு வெந்துபோனது. பால் தொண்டையில் இறங்கும்போது மாடு, வைக்கோல், கொழுந்தன் முகம், என் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. கசக்கிறதா என்று பார்த்தேன். சுட்ட நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிரசிடென்ட் கையை நீட்டினார். நான் டம்ளரைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "இருங்கக்கா. செத்த நேரம் பொறுங்க. எனக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டுக் குடிங்க."

அக்கா என்றது எனக்கே பிறகுதான் உறைத்தது. அவர் பொறுக்கவில்லை. என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மிச்சப் பாலைக் குடித்து முடித்துவிட்டார். ஊரே எனக்கு என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டு நின்றது. அவர் ஒருவர்தான் பார்க்காமல் குடித்தார். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. ஒரு குழந்தை பாலுக்கு அழுதது. "ரெண்டு பேரும் நிக்காகளே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். தோப்பில் எங்களோடு பேசிய பெண் வந்து, நனைந்த விறகைத் தள்ளிவிட்டுப் புதுச் சுள்ளி வைத்து ஊதினாள். அப்போதுதான் அவர், "சொல்லிட்டோம்லா. இப்ப வேலையப் பாப்போம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தக் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. அவரும் பதவிக்காலம் முழுக்க இருந்தார். இப்போது சிலர் அவரைத் துணிச்சல்காரி, சிங்கம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். பஸ் ஜன்னலில் அவர் வாந்தி எடுத்ததை இவர்கள் பார்த்தார்களா? ஒரு நாள்கூட அந்தப் பொம்பளை பயமில்லாமல் தூங்கியதில்லை. கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் படுப்பார். காலையில் அதைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வருவார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அன்றைக்குக் காலிக் கேனோடு நான் வீடு திரும்பியபோது எனக்கு முன்னால் சேதி வந்து சேர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் வாசற்படியில் குறுக்கே நின்றார். கொழுந்தன் தூணில் சாய்ந்திருந்தான்.

"மருந்தும் இல்ல, மாயமும் இல்ல மதினி" என்றான். "கலந்திருக்குன்னு கடையில ஒரு சொல்லப் போட்டா ஓடிருவாகன்னு பாத்தோம். நீங்க போயி ஊத்திக்கிட்டு வந்து நிக்கீக."

"தெக்குத்தெரு டம்ளர்ல வாய் வச்சிட்டு இந்தப் படிய மிதிச்சிருவியா நீ?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கை ஓங்கியிருந்தது. தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. என் கால் வெடவெடவென்று ஆடியது, கேன் மூடி கிடுகிடுவென்று சத்தம் போட்டது. உள்ளே என் பிள்ளைகள் இருந்தார்கள். போக எனக்கு வேறு வீடு கிடையாது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "சொல்லிட்டேன். இப்ப வழிய விடுங்க."